முதலில் எதைப் பிடிப்பது

11-6-1985, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. கோட்டைக்குள் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுத் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து, வேலை பார்க்கிற சென்டருக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால். மேஜையில் விழிஞ்ஞத்திலிருந்து கடிதம். நேற்று அங்கே எங்கள் கம்ப்யூட்டர் கருவி திரும்பவும் நின்றுவிட்டதாம். இது மூன்றாவது தடவை.

என் கெர்னலில் தப்பு இருக்காது. ஆணவத்தில் சொல்லவில்லை. ஒரு வருஷம் வரி வரியாக எழுதி, வரி வரியாகச் சோதித்தது.

சாயங்காலம் பக்கத்தாத்து சுப்புலக்ஷ்மி மாமி, கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் பண்ணுகிறாய் என்று கேட்டாள். பொறுமையாகவே சொன்னேன். விழிஞ்ஞம் கடலில் ஒரு மிதவை இருக்கிறது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் அலை எவ்வளவு உயரம் என்று ரேடியோவில் அனுப்பும். கரையில் ஒரு ரிசீவர் அதை வாங்கி எங்கள் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். அலை ஏறினால் துறைமுகத்தில் சங்கு ஊதும், மீன்பிடி வள்ளம் கடலில் இறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் நாலைந்து வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. எந்த வேலைக்கு எவ்வளவு இடம், எந்தச் சாமானுக்கு எந்த லைன் என்று பங்கு போட்டுக் கொடுக்கிற ப்ரோகிராமுக்குப் பேர் கெர்னல், அதை எழுதினது நான். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ ஆத்துல சமையல் யாரு?" என்றாள்.

12-6, புதன்

மீட்டிங். மூன்று மணி நேரம்.

திங்கட்கிழமை கருவி செத்துக் கிடந்த ஒன்பது மணி நேரத்தில் கடல் ஏறியிருக்கிறது. சங்கு ஊதவில்லை. இரண்டு வள்ளங்கள் கவிழ்ந்தன. எல்லோரும் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. ஊர்க்காரர்கள் அங்கே நம் கருவி இருக்கிற அறை ஜன்னலை உடைத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் உடைத்திருப்பேன்.

அங்கே கருவியைப் பார்த்துக்கொள்பவர் நேசையன் என்ற ஆபரேட்டர். மார்த்தாண்டம் பக்கத்து ஆள். ஆறு வருஷமாகத் தற்காலிகம், வருகிற செப்டம்பரில் நிரந்தரம் ஆக வேண்டியவர். அவர் லாக் புத்தகத்தில் எழுதியிருப்பது: கரண்ட் போனது, வந்தது, கருவி எழும்பவில்லை, அணைத்துப் போட்டேன், அப்போதும் எழும்பவில்லை. மூன்று தடவையும் அதே வாசகம். ஆனால் மூன்று தடவையும் இங்கிருந்து ஆள் போய் எல்லா ஒயரையும் கழற்றி மாட்டிய உடனே ஓடியிருக்கிறது. ஆகவே அவர் தூங்கிவிட்டார், எழுந்தபின் லாக்கில் கதை எழுதினார். அருமைநாயகம் அப்படித்தான் சொன்னார். நிர்வாக அதிகாரி, ஒரு வாக்கியத்தில் ஆளை முடித்துவிடுவார்.

நீலகண்டன் சார் என்னைப் பார்த்தார். எங்கள் டிவிஷனுக்கே தலைவர், ஒன்றும் கேட்காமல் பார்ப்பார், பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். லாபில் ஒரு தடவைகூட நிற்கவில்லை சார் என்றேன். உண்மைதானே. அருமைநாயகம் அதை அப்படியே நேசையனை நீக்கும் ஃபைலில் குறித்துக்கொண்டார்.

14-6, வெள்ளி

விழிஞ்ஞம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஏதோ உறுத்தியது.

நேசையனுக்கு நாற்பது வயசிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றவர், நான் கிளம்பும்வரை உட்காரவில்லை. தூங்கினீர்களா என்று நான் கேட்கவில்லை, கேட்க வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், நான் ஒறங்கல்ல. சத்தியமாட்டு. கரண்டு சட்டுனு போயிட்டு வந்தா மிஷினு எழும்பும். கொஞ்சம் நேரம் கூடுனா எழும்பாது. ஒறங்கிக் கெடந்தவனுக்கு இது எப்பிடித் தெரியும்?"

இதை நிர்வாகத்தில் சொன்னீர்களா என்றேன். சொன்னாராம், சிரித்தார்களாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கரண்ட் போன நேரம், வந்த நேரம், எழும்பியதா இல்லையா என்று மார்ச்சிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். யாரும் கேட்காமல் தானாக எழுதியது. ஐந்து நிமிஷம், எழும்பியது. எட்டு நிமிஷம், எழும்பியது. நாற்பது நிமிஷம், இல்லை. ஒரு மணி நேரம், இல்லை. ஆனால் பதினைந்து நிமிஷம் போய் எழும்பியிருக்கிறது, பன்னிரண்டு நிமிஷம் போய் எழும்பவில்லை. அந்த ஒன்று மட்டும் கணக்குக்கு வரவில்லை. ஏன்?

நோட்டில் இருந்ததை நகலெடுத்துக்கொண்டு வந்தேன்.

15-6, சனி

பன்னிரண்டு ஏன்? பதினைந்து ஏன் இல்லை?

17-6, திங்கள்

லாபில் அறுபது தடவை மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் அணைத்து வைத்தும் பார்த்தேன். அறுபது தடவையும் எழுந்தது, சமர்த்தாக. கெர்னல் சரி என்று நிரூபித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும், எரிச்சல்தான் வந்தது.

ஆரம்பப் பகுதியை மறுபடி படித்தேன். என் பெயரையே வைத்து 'விஜயம் முறை' என்று பிரிவில் எல்லோரும் சொல்கிற முறை. எங்கள் கம்ப்யூட்டரில் அழைப்பு லைன் மூன்றே மூன்று, சாமான்களோ ஐந்து. தகவல் வந்திருக்கிறது, வா என்று ஒரு சாமான் கம்ப்யூட்டரைக் கூப்பிடுவது அந்த லைன் வழியாகத்தான். மெமரி இடம் நிறைய இருக்கிறது. அதனால், எது அரிதோ அதை முதலில் பிடி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள். முதலில் லைன், அப்புறம் இடம். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக ஸீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு அப்புறம் கூட்டத்தில் முண்டி ஏறுகிறோமே, அதே புத்தி. இந்த உதாரணத்தை நான் வகுப்பெடுக்கும்போதுகூடச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

நீலகண்டன் சாருக்குக் கீழே எங்கள் பிரிவுத் தலைவர் பதவிக்கு இன்டர்வியூ 27-ஆம் தேதி, வியாழன். கடிதம் வந்தது. இந்தப் பதவிக்கு நான் காத்திருப்பது நாலு வருஷம்.

19-6, புதன்

அழகியநம்பி ரிசீவர் போர்டை வடிவமைத்தவன், என் வயசு, என்னைவிட வாய் ஜாஸ்தி. இன்று கேன்டீனில் அறுபது தடவைக் கதையைச் சொன்னேன். எந்த பேட்டரி போட்டுச் சோதித்தாய் என்றான். எந்த பேட்டரி என்றேன். விழிஞ்ஞத்தில் ரிசீவர் மட்டும் லாரி பேட்டரியில் ஓடுகிறதே, மறந்துவிட்டாயா என்றான். கரண்ட் போனாலும் மிதவை அனுப்புவதை அது வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். லாபுக்கென்று வாங்கிய பேட்டரியையும் பிப்ரவரியில் அங்கேயே கொடுத்துவிட்டோம். ஆகவே லாபில் ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் சேர்ந்து அணைகிறது, ரிசீவர் உட்பட.

சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மிதவை அனுப்புவது ஒவ்வொரு மணி அடிக்கும்போதும், பிறகு இருபதாவது நிமிஷத்தில், பிறகு நாற்பதில். நேசையனின் நோட்டு நகலைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் என்பது 3.52 முதல் 4.04 வரை. நடுவில் நாலு மணி இருக்கிறது. பதினைந்து நிமிஷம் என்பது 2.22 முதல் 2.37 வரை. நடுவில் ஒன்றும் இல்லை.

அந்த மனுஷன் ஒரு தப்பும் எழுதவில்லை.

20-6, வியாழன்

அழகியநம்பி தன் மச்சானின் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தான். ரிசீவருக்கு மாட்டினோம். மிதவைக்குப் பதில் சிக்னல் பெட்டி. மெயினை அணைத்து, ரிசீவருக்கு ஒரு தகவல் அனுப்பி, மெயினைப் போட்டேன்.

செத்தது.

மறுபடி. செத்தது. ஐந்து தடவை, ஐந்தும் செத்தது. அணைத்துப் போட்டாலும் எழும்பவில்லை, ரிசீவர் கையில் இன்னும் தகவல் இருக்கிறதே. எல்லா ஒயரையும் கழற்றி மாட்டினோம், அதாவது பேட்டரியையும். உடனே எழுந்தது. அவர் லாக்கில் எழுதியது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

கம்ப்யூட்டர் எழும்போதே ரிசீவர் லைனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறது. என் ப்ரோகிராம் முதல் காரியமாக லைனைத் திறக்கிறது. தகவல் உள்ளே பாய்கிறது. வைக்க இடம் இன்னும் வாங்கவில்லை, இடத்தின் எண் பூஜ்யமாக இருக்கிறது. பூஜ்யம் கெர்னலின் சொந்த அட்டவணை இருக்கிற இடம். அதன் தலையிலேயே அலையின் உயரத்தை எழுதிவிடுகிறது.

நான் எழுதின வரிசை. என் பேர் வெச்ச முறை. அந்தத் தோள் எலும்பு — நான்.

21-6, வெள்ளி

வரிசையை மாற்றினேன். முதலில் இடம். அந்த இடத்தின் எண்ணைப் பதிவது. அதன்பின் ரிசீவரில் தேங்கிக் கிடப்பதை நாமாகப் போய் வாசித்து அந்த இடத்தில் வைப்பது. கடைசியில்தான் லைன். பதினோரு வரி இடம் மாறியது, நாலு வரி புதிது. அவ்வளவே. நாற்பது தடவை சோதித்தேன், நாற்பதும் எழுந்தது.

நீலகண்டன் சாரிடம் இன்றே சொல்லிவிடு என்றான் அழகியநம்பி. முழுக்கச் சோதிக்காமல் எப்படிச் சொல்வது என்றேன். அவன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான், மச்சான் கார் எடுக்க வேண்டுமாம்.

சோதனை ஒரு காரணம்தான். 27-ஆம் தேதி இன்னொரு காரணம். இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

23-6, ஞாயிறு

என் கணவர் நாகேஸ்வரன், கல்லூரி விடைத்தாள் கட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன், எல்லாவற்றையும். அவருக்குக் கெர்னல் புரியாது, என்னைப் புரியும். சொல்லிட்டுப் போயேன் இன்டர்வியூவுக்கு, என்றார். சொல்லிட்டுப் போனா கிடைக்காது என்றேன். கிடைக்காட்டா என்ன என்று கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். அவர் கேட்கவில்லை. விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, "அந்த ஆளுக்கு எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

நம் ஆபீஸில் ஒரு மேஜைவிளக்கு வாங்க ஃபைல் மூன்று மாதம் சுற்றும். ஆளை வேலையைவிட்டு நீக்க அதைவிடக் கூடுதலாகும். நாலே நாள்தான் நான் கேட்பது. வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலை, கடிதம்.

24-6, திங்கள்

திருத்தியதில் இன்னொரு ஓட்டை. இடத்தை வாங்கிவிட்டு லைன் கேட்கும்போது லைன் காலி இல்லை என்றால், வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமலே திரும்புகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் இடமெல்லாம் தீர்ந்து, முப்பத்தெட்டாவது தடவையில் கருவி நின்றது. வாங்கிய வரிசைக்கு நேர் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதினேன். இருநூறு தடவை ஓட்டினேன், நிற்கவில்லை.

பார், சோதிக்காமல் சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

26-6, புதன்

தலைவலி. லீவு. படித்தேன்.

27-6, வியாழன்

இன்டர்வியூவில் எதிரே நாலு பேர். பெங்களூரிலிருந்து வந்தவர்தான் கேள்வி கேட்டார். கடைசியில், விழிஞ்ஞம் என்ன ஆயிற்று என்றார். கோளாறு தொடக்க வரிசையில் இருந்தது, கண்டுபிடித்துத் திருத்தியாகிவிட்டது என்றேன். வெகு நன்று என்றார். யார் எழுதிய வரிசை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா?

நீலகண்டன் சார் முகத்தில் வியப்பு தெரிந்தது. திருத்தியதே அவருக்கு அங்கேதான் தெரிய வந்தது.

28-6, வெள்ளி

காலையில் கடிதம் கொடுத்தேன். இரண்டு பக்கம். தவறு என்னுடையது, ஆபரேட்டர் எழுதியது முழுக்க உண்மை, அவருடைய நோட்டு இல்லாமல் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒன்றையும் மறைக்கவில்லை.

சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நேசையனைப் புதன்கிழமை மாலையே நீக்கிவிட்டார்களாம். தற்காலிக ஊழியர், விசாரணை வேண்டியதில்லை. உத்தரவில் காரணமாக என் வாக்கியம்: லாபில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"எப்போழா விஜயம் அறிஞ்ஞது?" என்றார். எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறார்; அவர் மலையாளத்தில் பேசினால் கோபம் என்று அர்த்தம். தேதி கடிதத்தில் இல்லை. போன வாரம் என்றேன்.

மூணு மாசம் சுத்தற ஃபைலு! எனக்கு ஒரு நாற்காலி மாத்தித் தர ஒன்றரை வருஷம் ஆச்சு. இதுக்கு மட்டும் பதினாலு நாள். நான் என்ன பண்ணுவேன்? — நான் என்ன பண்ணியிருக்கணும்னு எனக்குத் தெரியும். இருபதாம் தேதி சாயங்காலம் மாடி ஏறி அவர் ரூமுக்குப் போயிருக்கணும். முப்பது படி.

29-6, சனி

எழுத ஒன்றுமில்லை.

3-7, புதன்

திருத்திய ப்ரோகிராம் ஏற்றிய புதிய சிப்புகளை எடுத்துக்கொண்டு விழிஞ்ஞம் போனோம், நானும் அழகியநம்பியும். அறையில் ஆபரேட்டர் இல்லை, வாட்ச்மேன் திறந்துவிட்டார். நேசையன் மீன் இறக்குகிற இடத்தில் ஐஸ் சுமக்கிறாராம். ஆள் அனுப்பினேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார், தோளில் சாக்குத் துணி, சட்டையெல்லாம் ஈரம். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

சிப்பை மாட்டி மெயினை அணைத்தோம். பதினொன்று ஐந்து. பதினொன்று இருபதுக்கு மிதவை அனுப்பும். மூன்று பேரும் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபதில் ரிசீவரின் சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்பதிலும் விட்டுவைத்தேன். பதினொன்று ஐம்பதுக்கு மெயினைப் போட்டேன். எழுந்தது. தேங்கிக் கிடந்த அலையின் உயரத்தைக் காகிதத்தில் அடித்தது, 1.9 மீட்டர். அழகியநம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நேசையன் காகிதத்தை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷமே தெரிந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பு என்னுடையது, எழுதிக் கொடுத்துவிட்டேன், உங்களைத் திரும்ப எடுப்பார்கள் என்று கடகடவென்று சொன்னேன். தலையாட்டினார். பிறகு கேட்டார்.

"இது எப்போ தெரிஞ்சுது மேடம்?"

போன வாரம் என்று சாரிடம் சொன்னது போல இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"இருபதாம் தேதி."

அவர் தோளிலிருந்த சாக்குத் துணியைச் சரிசெய்துகொண்டார்.

"என்னை இருபத்தாறுக்குல்லா பறஞ்சு விட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தேதியைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். ஐஸ் உருகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அழகியநம்பி வேறு ஸீட்டில் போய் உட்கார்ந்தான். நானும் அவன் பக்கம் திரும்பவில்லை.

8-7, திங்கள்

'விஜயம் முறை'யில் எழுதிய மற்ற நாலு சாமான்களின் தொடக்கத்தையும் மாற்றி முடித்தேன். பிரின்டர், காஸெட், சங்கு, கடிகாரம். நாலிலும் அதே தப்பு இருந்தது. வகுப்பில் கொடுத்த குறிப்பேட்டிலும் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

15-7, திங்கள்

பதவி வந்துவிட்டது. பிரிவுத் தலைவர். சிபாரிசில் நீலகண்டன் சார் எழுதிய வரியைக் காட்டினார்கள்: தன் தவறைத் தானே கண்டு, தானே திருத்தி, தானே முன்வந்து ஒப்புக்கொண்டவர். தேதி எதுவும் இல்லை.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். அதனால் நேசையனுக்கு என்ன வரும்? ஒன்றும் வராது. இது சரியான காரணமா, எனக்குச் சாதகமான காரணமா? நாகேஸ்வரனிடம் கேட்டேன். அவர் எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தார்.

வேண்டாம் என்று எழுதவில்லை.

19-7, வெள்ளி

நேசையனின் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நாலு நாளாக அருமைநாயகத்தின் அறைவாசலில் நிற்கிறேன். நீக்கியதை ரத்து செய்யுங்கள் என்கிறேன். அவரோ, என் கடிதம் 26-க்கு முன்னால் வந்திருந்தால் அந்த உத்தரவே பிறந்திருக்காது, பிறந்த உத்தரவைக் கொல்ல மேலிடத்துக்குப் போக வேண்டும், ஒரு வருஷமாகலாம், அதுவரை அந்த ஆள் ஐஸ் சுமக்கட்டுமா என்று கேட்கிறார். புதிய நியமனம் என்றால் திங்கட்கிழமையே தருகிறாராம். புதிய நியமனத்துக்குத் தலையாட்டிவிட்டு, மேலிடத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

22-7, திங்கள்

நேசையன் பதினோரு மணிக்கு வந்தார். நனைந்த குடையை வெளியே வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு வந்தார். உட்காருங்கள் என்றேன், இன்று உட்கார்ந்தார். புதிய தற்காலிக நியமனம்தான் என்பதையும், ஆறு வருஷம் சேராது என்பதையும், செப்டம்பர் இனி இல்லை என்பதையும் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ரத்து செய்யச் சொல்லி மேலிடத்துக்குத் தனியாக எழுதியிருப்பதையும் சொன்னேன். செரி மேடம் என்றார்.

படிவத்தை நிதானமாக நிரப்பினார். அழகான கையெழுத்து, அந்த நோட்டில் பார்த்த அதே கையெழுத்து. பெயர், தகப்பனார் பெயர், படிப்பு. ஒரு கட்டத்தில் பேனா நின்றது. 'இந்தப் பணியில் முன் அனுபவம்.'

"இதுல என்ன எழுத, மேடம்?"

ஆறு வருஷம் என்று எழுதினால் உத்தரவோடு ஒத்துப்போகாது என்று படிவம் திரும்பி வந்துவிடும். அருமைநாயகம் காலையிலேயே எச்சரித்திருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

சேர்ந்த தேதி, 22-7-1985. அதன் கீழே பிரிவுத் தலைவர் ஒப்பம். இந்தப் பதவியில் நான் போட்ட முதல் கையெழுத்து.